பூங்காவில் ஒரு பள்ளத்தாக்கு

என் பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் குடித்தனம் நடத்துகிறார்கள். பெண்ணைப் பார்க்க அயல் நாட்டுக்குப் போகும் தகப்பனுக்கு அங்கே இரண்டு உத்தியோகங்கள் தயாராகக் காத்திருக்கும். ஒன்று, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பது. மற்றொன்று, மழை விட்டதும் பேரனைப் பூங்காவுக்கு அழைத்துக்கொண்டு போவது. முதல் உத்தியோகத்தில் நான் நல்ல பெயர் எடுத்துவிட்டேன். இரண்டாவதில்தான் ஒரு சரித்திரத்தில் போய் மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பூங்காவுக்குக் கேனன் ஹில் பூங்கா என்று பெயர். லூயிசா ரைலண்டு என்ற செல்வச் சீமாட்டி தம்முடைய நிலத்தை ஊராருக்குத் தானமாகக் கொடுத்தார். 1873-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பூங்கா திறக்கப்பட்டது. குளம் உண்டு, வாத்துகள் உண்டு, நல்ல மரங்கள் உண்டு. ஓரமாக ரேயா என்ற சிற்றாறு ஓடுகிறது. ஆறு என்று சொன்னால் நம் ஊர் வாய்க்கால் கோபித்துக்கொள்ளும், அவ்வளவு சிறியது.

ஒரு நாள் பேரன் என் கையை உதறிவிட்டு ஓடினான். அங்கிருக்கும் கலை மையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வேலி. வேலிக்குள் ஏதோ பள்ளம். சிமெண்டுக் கரைகள், பாசி, பழுத்து உதிர்ந்த இலைகள், தலைக்குத் தலை முளைத்த களைச் செடிகள். நடுவே குட்டிக் குட்டிச் சுவர்கள்.

"இது என்ன தாத்தா?" என்றான்.

தாத்தாக்களுக்குத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. "பழைய நீச்சல் குளம்" என்றேன்.

பக்கத்தில் நாயோடு வந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி நின்றார். நான் தமிழில் சொன்ன பொய் அவருக்கு எப்படிப் புரிந்ததோ, தெரியவில்லை. முகத்தைப் பார்த்தே ஊகித்திருக்கலாம். "அது எலான் பள்ளத்தாக்கு" என்றார். "இன்று காலையில் நீங்கள் தேநீர் போட்டீர்களே, அந்தத் தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது. சிறு பெண்ணாக இருந்தபோது என் தகப்பனார் இங்கே கூட்டி வந்து காட்டுவார். அப்பொழுது இதில் தண்ணீர் ஓடும்." அவ்வளவுதான் சொன்னார். நாய் இழுத்தது; போய்விட்டார்.

நான் மறுபடியும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். களைச் செடிகளுக்கு நடுவே இருந்த சுவர்கள் இப்பொழுது அணைக்கட்டுகளாகத் தெரிந்தன. பாசி படிந்த மேடுகள் மலைகளாயின. ஒரு நகரம் தனக்குத் தண்ணீர் வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காக மண்ணிலும் கல்லிலும் எழுதி வைத்த புத்தகம் அது. பக்கங்கள்தான் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

அன்று முதல் எனக்கு ஜன்னல் ஓரத்து உத்தியோகம் போயிற்று. எலானைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

பர்மிங்ஹாமின் கதை விசித்திரமானது. உலகத்துப் பெரிய நகரங்கள் அனேகமாக ஒரு நதிக்கரையில் பிறந்திருக்கும். பர்மிங்ஹாமோ மேட்டு நிலத்தில், பெயர் சொல்லும்படியான நதி எதுவும் இல்லாத இடத்தில் வளர்ந்தது. இரும்பும் பித்தளையும் பேனா முள்ளும் பொத்தானும் செய்து உலகத்துக்கெல்லாம் விற்ற ஊர், குடிதண்ணீருக்குக் கிணற்றையும் சிற்றாறுகளையும் நம்பி இருந்தது. தொழிற்சாலைகள் பெருகப் பெருகச் சந்துகளும் பெருகின. சந்துகளில் சாக்கடை பெருகிற்று. சாக்கடை கிணறுகளில் ஊறிற்று. ஏழைகள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். பிறகு நோய் வந்தது என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

காசுள்ளவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் விற்க ஒரு கம்பெனி இருந்தது. 1873-இல் ஜோசப் சேம்பர்லின் மேயரானார். திருகாணி வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். லாபம் என்றால் என்ன என்று அவருக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர், விளக்கு எரிக்கும் வாயுவை நகரசபை வாங்கியபோது அதில் லாபம் வரலாம், வர வேண்டும் என்றார். ஆனால் தண்ணீர்க் கம்பெனியை வாங்கியபோது, தண்ணீரில் நகரசபை லாபம் பார்க்கவே கூடாது என்றார். மிச்சம் வந்தால் விலையைக் குறைக்க வேண்டும். ஏழையின் உயிர் சம்பந்தப்பட்ட பண்டம் வியாபாரப் பண்டமல்ல என்பது அவர் கட்சி. 1876-இல் தண்ணீர் நகரத்தின் சொத்தாயிற்று. பிற்காலத்தில் இதே மனிதர் சாம்ராஜ்ய வெறி பிடித்த மந்திரியாகப் பெயர் எடுத்தார் என்பது வேறு கதை. ஒரு மனிதனுக்குள் எத்தனை மனிதர்கள் என்பது நாவல் எழுதுகிறவனுக்குத் தெரியாத விஷயமல்ல.

தண்ணீர் நகரத்தின் சொத்தாயிற்றே தவிர, தண்ணீர் அதிகமாகிவிடவில்லை. 1890-ஐ ஒட்டி ஜனத்தொகை ஐந்து லட்சத்தை நெருங்கியது. இருக்கும் கிணறுகளும் ஓடைகளும் இனிப் போதாது என்று கணக்குப் போட்டார்கள். அப்பொழுதுதான் ஜேம்ஸ் மான்சர்க் என்ற இஞ்சினீயரின் பெயர் முன்னுக்கு வந்தது. அவர் வாலிபத்தில், 1860-களில், வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் ரெயில் பாதை வேலையில் இருந்தவர். எலான், கிளேர்வென் என்ற இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தை அப்பொழுதே கண்ணில் குறித்து வைத்திருந்தார். சில பேர் அழகான இடத்தைப் பார்த்தால் பாட்டு எழுதுவார்கள். இஞ்சினீயர் பார்த்தால் இங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று யோசிப்பார்.

அந்த இடத்தில் என்ன விசேஷம்? மழை ஒரு வருஷத்தில் சராசரி 1,830 மில்லிமீட்டர் பெய்கிறது. அடியில் உள்ள பாறை தண்ணீரை உறிஞ்சுவதில்லை. பள்ளத்தாக்கு கீழே போகப் போகக் குறுகுகிறது. ஆகையால் சின்னச் சுவர் போட்டுப் பெரிய ஏரி பிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பர்மிங்ஹாமைவிட உயரத்தில் இருக்கிறது. இறைக்க வேண்டாம், பம்பு வேண்டாம், நிலக்கரி வேண்டாம். தண்ணீர் தன் பாட்டுக்கு நடந்து வரும்.

எவ்வளவு தூரம் நடக்கும் என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 73 மைல், அதாவது சுமார் 118 கிலோமீட்டர். இந்தத் தூரம் முழுவதற்கும் சேர்த்து அது இறங்கும் இறக்கம் 52 மீட்டர் மட்டுமே. 2,300 அடி முன்னால் போனால் ஓர் அடி கீழே இறங்கும். தச்சனின் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தாலும் தட்டையான தரை என்றே சொல்லுவான். சில இடங்களில் மலையைக் குடைந்த சுரங்கம். சில இடங்களில் தரையை வெட்டிக் கட்டி மூடிய கால்வாய். ஆறு குறுக்கிட்டால் இரும்புக் குழாய். தண்ணீர் மணிக்கு இரண்டு மைல்கூட இல்லாத வேகத்தில், பெருமாள் கோயிலைப் பிரதட்சிணம் செய்யும் கிழவியைப் போல் நிதானமாக வந்து, ஏறத்தாழ ஒன்றரை நாளில் பர்மிங்ஹாம் எல்லையில் உள்ள பிராங்க்லி நீர்த்தேக்கத்தை அடைகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த யாத்திரை நடக்கிறது. சமீப காலத்தில் மூன்று இடங்களில் பழைய சுரங்கத்துக்குப் பதிலாகப் புதிய சுரங்கம் வெட்டி வழியைச் செப்பனிட்டிருக்கிறார்கள். நடை மாறவில்லை.

1892-இல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. அணை கட்டும் இடத்தை மட்டும் வாங்கவில்லை. அந்த ஆறுகளுக்கு மழைத் தண்ணீர் வடிந்து வரும் மலைச் சரிவு அத்தனையையும், சுமார் 180 சதுர கிலோமீட்டர், நகரத்துக்கு எழுதிக் கொடுத்தது. தண்ணீர் சுத்தமாக வர வேண்டுமானால் அது விழும் தரையும் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? 1893-இல் வேலை ஆரம்பம். முதலில் கட்டியது அணை அல்ல, ரெயில் பாதை. மலைக்குள்ளே 33 மைல் தண்டவாளம் போட்டு, கல்லும் சிமெண்டும் நிலக்கரியும் கொண்டு போனார்கள்.

வேலையாட்களுக்காக மரக் குடிசைகளால் ஒரு கிராமம் எழுந்தது. அந்தக் கிராமத்தின் சட்ட திட்டங்களைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆற்றைக் கடந்து கிராமத்துக்குள் போகும் பாலத்தில் காவல்காரன் இருந்தான். திருட்டுச் சாராயம் உள்ளே போகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. வேலை தேடி வந்தவன் முதல் இரவைத் தனிக் கொட்டகையில் கழிக்க வேண்டும். பேன் போக்கி, உடம்பில் தொத்து வியாதி இல்லை என்று பார்த்த பிறகே உள்ளே அனுமதி. காயத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி, தொத்து வியாதிக்கு ஓர் ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், நூல்நிலையம், தெருவிலே மின்சார விளக்கு. பொது ஸ்நான அறையும் உண்டு. ஆண்கள் வாரத்துக்கு மூன்று தடவை வரை குளிக்கலாம். பெண்கள் ஒரே ஒரு தடவை. ஒரு நகரத்துக்கே தண்ணீர் கொண்டு வரும் இடத்தில், அந்த ஆண்களின் அழுக்குத் துணியைத் துவைத்துப் போட்ட பெண்களுக்கு வாரம் ஒரு ஸ்நானம்! நகரசபையார் எல்லாவற்றையும் அளந்து வைத்தார்கள்; இதையும் அளந்துதான் வைத்தார்கள்.

1904 ஜூலை 21-ஆம் தேதி ஏழாவது எட்வர்டு மன்னரும் அலெக்ஸாண்டிரா ராணியும் வந்து திறந்து வைத்தார்கள். எலான் ஆற்றில் மேலிருந்து கீழாகக் கிரேக் கோஹ், பென்-அ-கேரெக், கேரெக் தீ, கேபன் கோஹ் என்று நான்கு அணைகள். இவற்றில் கேரெக் தீ என்பது தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் அணை. வெளியே தெரிவது அதன் தலைமேல் ரஸ்தா போகும் பாலம் மட்டும். எதற்காக மூழ்கிய அணை? கேபன் கோஹ் ஏரியிலிருந்து கீழே ஓடும் ஆற்றுக்குத் தண்ணீர் விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கீழ் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? அப்படி விட்டு விட்டு ஏரி இறங்கும்போது, பர்மிங்ஹாமுக்குத் தண்ணீர் எடுக்கும் கோபுரம் வறண்டு போகக் கூடாது. அதற்காக ஏரியின் வயிற்றிலே ஒரு சுவர். கீழ்ப்பாதி இறங்கினாலும் மேல்பாதி நிற்கும். மான்சர்க்கின் மூளையை நினைத்துத் தலை வணங்கினேன்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு பக்கத்துப் பள்ளத்தாக்கில் கிளேர்வென் அணையைக் கட்டினார்கள். 56 மீட்டர் உயரம். பழைய அணைகள் எல்லாவற்றையும்விடப் பெரிது. 1952 அக்டோபர் 23-ஆம் தேதி, பட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இரண்டாவது எலிஸபெத் ராணி அதைத் திறந்து வைத்தார். சிமெண்டினால் கட்டிய சுவருக்குப் பழைய அணைகளைப் போலவே இருக்க வேண்டும் என்று கல் முகம் வைத்தார்கள். உள்ளூர்க் கல் தச்சர்கள் குண்டு விழுந்த பார்லிமெண்டுக் கட்டடத்தைச் சீர்படுத்திக்கொண்டிருந்தபடியால், இத்தாலியிலிருந்து தச்சர்களை அழைத்து வந்தார்களாம்.

இதுவரை சொன்னது பூங்காவில் உள்ள மாதிரி சொல்லும் கதை. அது சொல்லாத கதை ஒன்றும் இருக்கிறது.

ஏரி வருவதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கு காலியாக இருக்கவில்லை. பதினெட்டுப் பண்ணை வீடுகள், மூன்று பெரிய மாளிகைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மாதா கோயில், ஒரு சிறிய பிரார்த்தனைக் கூடம் இருந்தன. நூறு பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போனார்கள். நிலத்தின் சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்களுக்கும், கூலிக்கு ஆடு மேய்த்தவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடவுளுக்கு மாற்று வீடு கட்டிக் கொடுத்தது நகரசபை; மாதா கோயிலும் பிரார்த்தனைக் கூடமும் மேட்டில் புதிதாக எழுந்தன. குத்தகைக்காரனுக்கு மேட்டில் இடம் இல்லை.

மூழ்கிய மாளிகைகளில் இரண்டு, கவி ஷெல்லி தங்கியிருந்தவை. 1811-இல் க்வும் எலான் என்ற உறவினர் மாளிகையில் தங்கினான். மறு வருஷம், ஓடிப்போய் மணந்துகொண்ட இளம் மனைவி ஹாரியட்டோடு நான்ட்குவில்ட் மாளிகைக்கு வந்தான். அங்கேயே குடியிருந்துவிட வேண்டுமென்று ஆசைப்பட்டான். குத்தகைப் பேச்சு முறிந்தது. நான்கே வருஷத்தில் ஹாரியட் லண்டனில் ஓர் ஏரியில் விழுந்து இறந்தாள். 1822-இல் ஷெல்லி இத்தாலியக் கடலில் மூழ்கி இறந்தான். பிறகு 1904-இல் அவர்கள் குடியிருக்க ஆசைப்பட்ட வீடும் மூழ்கிற்று. கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர் நம்ப மாட்டார்; சரித்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை. பிரான்சிஸ் பிரெட் யங் என்ற நாவலாசிரியர் இந்தப் பள்ளத்தாக்கை மனத்தில் வைத்துத் தண்ணீருக்கு அடியில் போன வீட்டைப் பற்றி 1932-இல் ஒரு பெரிய நாவல் எழுதினார். கடுமையான வறட்சி வரும் வருஷங்களில் கேபன் கோஹ் ஏரி இறங்கி, நான்ட்குவில்ட் தோட்டத்து மதில்கள் வெளியே தெரிவதுண்டு. ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

வேல்ஸ் ஜனங்களுக்கு இந்த விஷயத்தில் மனத்தில் ஒரு முள் உண்டு. எலானோடு அது நிற்கவில்லை. லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கேப்பல் கெலின் என்ற கிராமத்தை மூழ்கடிக்க 1957-இல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. வேல்ஸ் அங்கத்தினர் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. 1965-இல் கிராமம் மூழ்கியது. நாற்பது வருஷம் கழித்து, 2005-இல், லிவர்பூல் நகரசபை மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. எலானை இழந்தவர்கள் அந்தக் காலத்து மனிதர்கள். கூட்டம் போடவும் சுவரில் எழுதவும் அறியாதவர்கள். மௌனமாக மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.

எலானில் எனக்கு மறக்க முடியாத இன்னொரு சுவரும் உண்டு. ஆரம்பத்தில் வேலையாட்களின் கிராமத்துக்குக் குடிதண்ணீர் கொடுப்பதற்காக நான்ட்-அ-க்ரோ என்ற ஓடையில் சின்ன அணை ஒன்று கட்டியிருந்தார்கள். பெரிய அணைகள் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. 1942-இல் ராணுவ விஞ்ஞானிகள் வந்து, ஜெர்மனியின் அணைகளை எப்படி உடைப்பது என்று அந்தச் சின்ன அணையில் வெடி வைத்துப் பரீட்சை பார்த்தார்கள். ஜூலை மாதம் அது நடுவில் பிளந்தது. மறு வருஷம் மே மாதம் விமானங்கள் போய் ஜெர்மன் அணைகளை உடைத்தன. வெள்ளத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களில் பலர் அயல் நாடுகளிலிருந்து பலவந்தமாகக் கொண்டுவந்து வேலை வாங்கப்பட்ட ஏழைகள். தாகம் தீர்க்கக் கட்டிய சுவர் அதற்கும் பயன்பட்டது.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு ராத்திரி சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் ஆரம்பித்தேன்.

"அந்தப் பூங்கா மாதிரியை யாராவது செப்பனிடக் கூடாதா, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை கணக்கு உத்தியோகஸ்தர். எதையும் இரண்டு பத்தியில் எழுதிப் பார்ப்பவர். "யார் செப்பனிடுவது, மாமா?" என்றார். "அதைக் கட்டியது நகரத்தின் நீர்த்துறை. 1974-இல் அந்தத் துறையையே எடுத்துவிட்டுப் பிராந்திய வாரியங்கள் அமைத்தார்கள். 1989-இல் வாரியத்தை விற்றுக் கம்பெனி ஆக்கிவிட்டார்கள். அணைகள் வேல்ஸ் நிறுவனத்திடம், குழாய் இங்குள்ள கம்பெனியிடம், பூங்கா நகரசபையிடம். அந்த நகரசபையோ 2023-இல் கையில் பணமில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டது. பிள்ளைகள் படிக்கும் நூல்நிலையத்துக்கே திண்டாட்டம். பொம்மை அணைக்கு யார் கொடுப்பார்கள்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது நியாயம். ஆனால் அந்த நியாயத்துக்குள்ளேயே எனக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. அந்த மாதிரி பாழாய்ப் போனதற்கு மழையும் களையும் மட்டும் காரணம் என்று நினைத்திருந்தேன். அது தாய் தகப்பன் இல்லாத குழந்தை. 'எங்கள் தண்ணீர்' என்று ஒரு நகரம் சொல்லிக்கொண்ட காலத்தில் கட்டியது. தண்ணீரில் லாபம் கூடாது என்று சேம்பர்லின் சொன்ன ஊரில், தண்ணீர் பங்கு மார்க்கெட்டுச் சரக்கான பிறகு, அந்த மாதிரியின் முன்னால் நின்று 'எங்கள் தண்ணீர்' என்று பிள்ளைக்குக் காட்ட யாருக்கு வாய் வரும்? நகரம் மறந்தது மாதிரியை அல்ல, அந்தச் சொல்லை.

"அப்படியானால் அது கிடந்து மக்கட்டுமா?" என்றாள் என் பெண்.

"நான் அப்படிச் சொல்லவில்லை. யார் பணம் என்றுதான் கேட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

இது நடந்த பிறகு நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த தடவை போனபோது பேரன் ஒரு சாண் வளர்ந்திருந்தான். விமான நிலையத்திலிருந்து வரும்போதே, "தாத்தா! உங்கள் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்கிறார்கள்" என்றான். என்னுடைய பொய்யை அவன் மறக்கவில்லை.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். களை எடுத்திருந்தது. கரைகளைச் சுரண்டிக் கழுவியிருந்தார்கள். வேலிக்குள் ஏழெட்டுப் பேர் முழங்கால் வரை செருப்பு மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். சம்பளம் வாங்கும் ஆட்கள் அல்ல. அக்கம் பக்கத்துக் குடித்தனக்காரர்கள். ஒரு பஞ்சாபிப் பெரியவர், ஒரு கறுப்பர் இளைஞன், பல்கலைக்கழகத்து மாணவிகள் இரண்டு பேர், ஓய்வு பெற்ற வாத்தியார் போல் தோன்றிய ஒரு வெள்ளைக்காரர். சேம்பர்லின் காலத்து நகரசபையார் இந்தக் கோஷ்டியைப் பார்த்திருந்தால் இது எந்த ஊர் என்று கேட்டிருப்பார்கள். ஆனால் எல்லாரும் எலான் தண்ணீரைக் குடிப்பவர்கள்தான். அந்தத் தண்ணீர் யார் வீட்டுக் குழாய் என்று பார்த்து வருவதில்லை.

வாத்தியார் போன்றவரிடம் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். மூழ்கிய வீடுகள் எங்கேயாவது குறித்திருக்கிறதா என்று கேட்டேன். நானும் சுற்றிச் சுற்றித் தேடினேன், கண்ணில் படவில்லை.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். "நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். "செப்பனிடுவது என்றால் இருந்தபடியே ஆக்குவது என்று அர்த்தம். அப்பொழுது இல்லாததை இப்பொழுது சேர்த்தால் அது செப்பனிடுவதாகுமா? இது பெருமைக்காகக் கட்டியது, ஐயா."

"பெருமை பொய்யில்லையே" என்றேன். "லட்சக்கணக்கான குழந்தைகள் நல்ல தண்ணீர் குடித்துப் பிழைத்தார்கள். அது நிஜம். நூறு பேர் வீடு இழந்தார்கள். அதுவும் நிஜம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் பெருமை குறைந்து போகுமா?"

"குறையாது என்று நீங்கள் நினைக்கிறீர்களா?"

"கொஞ்சம் குறையும்" என்று ஒப்புக்கொண்டேன். "குறைந்த பிறகு எவ்வளவு நிற்கிறதோ, அவ்வளவுதான் நமக்குச் சேர்ந்தது."

அவர் சிரித்தார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் கையில் ஒரு முறத்தைக் கொடுத்து, அந்த மூலையில் கிடக்கும் இலைகளை வாரிப் போட முடியுமா என்று கேட்டார். வாதம் பண்ணுகிறவனை அடக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அரை மணி நேரம் வாரினேன். நடுவில் நிமிர்ந்து பார்த்தபோது மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுப் பஞ்சாபிப் பெரியவரோடு சேர்ந்து ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். யார் பணம் என்று அவர் அப்பொழுது கேட்கவில்லை.

பேரன் வந்து என் சட்டையை இழுத்தான். அவனுக்கு ஷெல்லியின் வீட்டைப் பற்றி முதல் நாள் இரவு கதை சொல்லியிருந்தேன்.

"அந்த வீடு எங்கே தாத்தா இருந்தது?"

மூழ்கிய அணைக்குக் கீழே, கேபன் கோஹ் ஏரிக்கு மேல் பக்கம், இரண்டு பள்ளத்தாக்கும் சேருகிற இடத்தைக் கையால் காட்டினேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. அவன் கரையில் தேடி ஒரு வெள்ளைக் கூழாங்கல்லைக் கொண்டு வந்து நான் காட்டிய இடத்தில் வைத்தான். அத்துடன் நிற்கவில்லை. "பண்ணை வீடு எத்தனை?" என்று கேட்டான். பதினெட்டு என்றேன். பதினெட்டுக் கல் பொறுக்கப் போய்விட்டான்.

வாத்தியார் போன்றவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எடுக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் தாகமாக இருந்தது. சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்தேன். ஒன்றரை நாளைக்கு முன் மலையை விட்டுப் புறப்பட்ட தண்ணீர். நான் அந்த மாதிரியைப் பற்றி மாப்பிள்ளையோடு தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமைக் காலையில் அது எங்கேயோ ஒரு சுரங்கத்துக்குள் நடந்து வந்துகொண்டிருந்திருக்கும். குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தேன். கழுவும்போது குழாயைச் சிறிதாகத் திறந்து கழுவினேன். என் பெண் அதைக் கவனித்துவிட்டு, "என்ன அப்பா, நம் ஊர் ஞாபகமா?" என்றாள்.

"இல்லை அம்மா, இந்த ஊர் ஞாபகம்தான்" என்றேன்.